கதைக்குத் தேவையா, வாரிசுக்குத் தேவையா

ஜனவரி 11
எங்கள் இணைய இழையில் கருந்துளை என்கிற புனைப்பெயரில் எழுதுபவர் கேட்டது: "விண்வெளிக் கதையில் நாயகன் யாரோடு படுக்கிறான் என்பது எனக்கு எதற்கு? விண்கலம் இருக்கிறது, வேற்றுக்கிரகம் இருக்கிறது, சண்டை இருக்கிறது. நடுவில் ஒரு கே ஜோடியைச் சொருகிவிடுகிறார்கள். கதைக்குத் தேவை என்றால் வைக்கட்டும், நான் யாருக்கும் எதிரி இல்லை. அந்த ஜோடியைச் சாதாரண ஆண்-பெண் ஜோடியாக மாற்றினால் கதையே உடைந்துபோகும் என்று ஒரே ஒரு நாவல் காட்டுங்கள் பார்ப்போம்."

ஜனவரி 11, இரவு
காட்டுகிறேன். ஆர்தர் கிளார்க், 1975, 'இம்பீரியல் எர்த்'. முடிவைச் சொல்லித்தான் ஆகவேண்டும், படிக்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போங்கள்.

கதை நடப்பது 2276இல். சனியின் துணைக்கோளான டைட்டனை ஒரு குடும்பம் ஆள்கிறது. மரபணுவில் கோளாறு இருப்பதால் அந்தக் குடும்பத்தில் பிள்ளை பிறப்பதில்லை, தலைவர் தன்னையே குளோன் எடுத்து வளர்க்கிறார். தாத்தா அசல், அப்பாவும் பேரனும் அவருடைய நகல்கள். பேரன் டங்கன் மக்கென்சி அமெரிக்காவின் ஐந்நூறாவது ஆண்டுவிழாவுக்குப் பூமிக்கு வருகிறான். வந்த கையோடு தன்னுடைய குளோனையும் உருவாக்கி ஊருக்கு எடுத்துப்போக வேண்டும், அதுதான் வீட்டு உத்தரவு. இளவயதில் அவனுடைய காதலன் கார்ல் ஹெல்மர். இருவருக்குமே கலிண்டி என்று ஒரு பெண்மீதும் காதல் இருந்தது. கார்ல் பூமியில் இறந்துபோகிறான். டங்கன் டைட்டனுக்குத் திரும்பும்போது கையில் குழந்தை இருக்கிறது, அதன் தலைமுடி தங்க நிறம். மக்கென்சிகள் கறுப்பு நிறத்தவர்கள். அவன் எடுத்துவந்தது தன் நகலை அல்ல, கார்லின் நகலை. மூன்று தலைமுறையாகத் தன்னைத்தானே பிரதியெடுத்துக்கொண்டிருந்த குடும்பம் காதலனுடைய பிள்ளையிடம் போய் நிற்கிறது. இப்போது மாற்றிப் பாருங்கள்.

கல்லூரி நாளில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பிரதியாக வாங்கியது. டங்கனும் கார்லும் காதலர்கள் என்கிற இடத்தை கிளார்க் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் போகிறபோக்கில் சொல்லிவிடுவார். ஏதோ தவறாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அந்த உலகத்தில் யாருக்கும் அது ஒரு செய்தியே இல்லை.

ஜனவரி 12
இலங்கையில் வாழ்ந்த அதே கிளார்க்கா என்று கேட்கிறார்கள். ஆமாம், அவர்தான். 1956இல் அங்கே குடியேறினார், 2008இல் இறக்கும்வரை அதுதான் வீடு. இருபால் ஈர்ப்பு சர்வசாதாரணமாக இருக்கும் நூற்றாண்டைக் கற்பனை செய்து ஒருவர் எழுதிக்கொண்டிருந்தபோது அந்த நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இருந்தன. வெள்ளைக்காரன் 1883இல் போட்ட சட்டம். 1995இல் திருத்தினார்கள். நீக்கியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள், இல்லை, அதுவரை ஆண்களை மட்டும் சொன்னதைப் பெண்களுக்கும் சேர்த்தார்கள். அதில் மட்டும் சமத்துவம். 2023 மே மாதம், இதைக் குற்றமில்லை என்று ஆக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று இலங்கை உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஜனவரி 12, மாலை
கருந்துளையின் பதில்: "கார்லைப் பெண்ணாக்கினாலும் குளோன் எடுக்கலாமே, எங்கே உடைகிறது?"

நல்ல குத்து, ஒத்துக்கொள்கிறேன். கதைப்பின்னல் உடையாது. கார்ல் ஒரு கார்லாவாக இருந்தாலும் டங்கனால் அதையே செய்ய முடியும். ஆனால் அப்போது அது இறந்துபோன காதலியை நினைத்து உருகுகிற கதை, நாம் ஆயிரம் பார்த்தாயிற்று. கிளார்க்கினுடையதில் வேறொன்று நடக்கிறது. ஆணும் ஆணும் சேர்ந்தால் அடுத்த தலைமுறைக்கு வழி ஏது என்று நம் வீடுகளில் முதல் கேள்வியாகக் கேட்பார்களே, அதற்கு இந்த நாவல் தொழில்நுட்பத்தை வைத்துப் பதில் சொல்கிறது. இதைக் காதல் கதை என்று படிப்பதைவிட வாரிசுக் கதை என்று படித்தால் சுவை அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. இதை யோசித்துவிட்டு வருகிறேன்.

ஜனவரி 14
இழையில் எழுதும் இன்னொருவர், தேன்மிட்டாய், பேச்சைத் தொலைக்காட்சிப் பக்கம் இழுத்துவிட்டார், எனவே கொஞ்சம் விலகல்.

'பஃபி' தொடரில் டாரா, 2002 மே. 'தி 100' தொடரில் லெக்ஸா, 2016 மார்ச். இருவரும் பெண்ணைக் காதலித்த பெண்கள். டாரா சாவது பிரிந்த காதலியோடு மறுபடி சேர்ந்த கையோடு. லெக்ஸா சாவது காதலியோடு முதல்முறை கூடிய கையோடு. இருவரையும் கொன்றது வேறு ஒருவருக்குக் குறிவைத்து வழிதவறி வந்த குண்டு. மந்திரவாதிகளும் ரத்தக்காட்டேரிகளும் அணுப்போரில் தப்பியவர்களும் திரிகிற உலகம், அதில் இந்த இரண்டு பேருக்கும் வாய்த்த சாவு, சும்மா பறந்துவந்த ஒரு குண்டு! எழுத்தாளர்கள் அறையில் வேறு யோசனையே வரவில்லை போல. லெக்ஸா செத்தபோது ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை, விளம்பரப் பலகை வைத்தார்கள், தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கு நிதி திரட்டினார்கள், தயாரிப்பாளர் மன்னிப்புக் கேட்டு எழுதும்வரை விடவில்லை. டாரா காலத்திலும் கோபம் இருந்தது, ஆனால் அன்றைக்கு இவ்வளவு பெரிய ஒலிபெருக்கி யார் கையிலும் இல்லை.

சாகாத ஒரே ஆள் கேப்டன் ஜாக் ஹார்க்னஸ். 2005இல் 'டாக்டர் ஹூ' தொடரில் வந்தார், ஆண், பெண், வேற்றுக்கிரகவாசி என்று யாரையும் விட்டுவைக்காத ஆள். அவர் பிழைத்திருக்க ஒரே காரணம், கதைப்படி அவருக்குச் சாகாவரம். அதையும் சும்மா விட்டார்களா, 2009இல் அவருடைய காதலன் இயான்டோவைக் கொன்றார்கள். கார்டிஃப் துறைமுகச் சுவரில் இயான்டோவுக்கு ரசிகர்கள் அஞ்சலிக் குறிப்புகள் ஒட்டப்போய், அது நினைவிடமாகவே ஆகிவிட்டது. இல்லாத மனிதனுக்கு நிஜச் சமாதி.

ஜனவரி 14, கொஞ்ச நேரம் கழித்து
'ஹாரி பாட்டர்' டம்பிள்டோரைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். ஏழாவது புத்தகம் கடைக்கு வந்து சில மாதம் கழித்து, 2007 அக்டோபரில் ஒரு மேடையில், அவர் கே என்றார் எழுத்தாளர். ஏழு புத்தகத்தில் ஒரு வரி எழுத இடம் கிடைக்கவில்லையாம். அடுத்த விஷயம்.

ஜனவரி 15
சூலு! எப்படி மறந்தோம்? 2016 'ஸ்டார் டிரெக்' படத்தில் சூலு கப்பலை விட்டு இறங்குகிறார், எதிரே அவருடைய துணைவரும் சின்ன மகளும் நிற்கிறார்கள், மகளைத் தூக்கிக்கொள்கிறார். சில விநாடிதான். முத்தக் காட்சி எடுத்து வெட்டிவிட்டார்கள் என்று நடிகர் ஜான் சோ பின்னால் சொன்னார். பழைய சூலுவாக நடித்த ஜார்ஜ் டக்கே 2005இலிருந்து வெளிப்படையாக கே என்று வாழ்கிறவர். அவரே இந்த மாற்றம் பிடிக்கவில்லை, புதுப் பாத்திரம் படைத்திருக்கலாம் என்றார், வேடிக்கை.

எனக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது. காரணம் அந்தக் குழந்தை. முத்தத்தை வெட்டினவர்களுக்குக் குழந்தையை வெட்டத் தோன்றவில்லை பாருங்கள். (சூலுவுக்கு மகள் உண்டு என்பது 1994 படத்திலேயே வந்துவிட்டது, அதனால் வெட்டவும் முடியாது.)

ஜனவரி 19
வாரிசு விஷயத்துக்குத் திரும்புகிறேன். கிளார்க்கை விட நல்ல உதாரணம் கையில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்ல என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும்.

எனக்கு ஆண்களையும் பிடிக்கும், பெண்களையும் பிடிக்கும். கல்யாணம் ஆகிவிட்டது, பெண்ணோடுதான். மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். தெரிந்த நண்பர்கள் சிலர் இப்போதும் நல்ல மனசோடு சொல்வது: "அதான் கல்யாணம் ஆயிடுச்சே, இனிமே எதுக்கு அந்தப் பேச்சு?" ஏதோ காய்ச்சல் வந்து போனமாதிரி.

லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்ட் 1991இல் எழுதிய 'பாராயர்' நாவலில் இதே பேச்சு வருகிறது. பாராயர் ஒரு கிரகம், பிரபுக்கள், வாள், குலப்பெருமை, பிள்ளைக்கு ஊனம் என்றால் கொன்றுவிடுகிற பழக்கம் எல்லாம் உண்டு. ஒரு விருந்தில் எதிரிப் பிரபு ஒருவன் நாயகி கோர்டீலியாவிடம் வந்து, உன் கணவர் அரலுக்கு ஆண்களும் பிடிக்கும் தெரியுமா என்று குத்துகிறான். அவள் அசரவே இல்லை. முன்பு அப்படி இருந்தார், இப்போது ஒருத்தியோடு மட்டும் இருக்கிறார் என்கிற மாதிரி ஒரு பதில், சொல்லிவிட்டு அன்போடு கணவரைப் பார்க்கிறாள். முதலில் படித்தபோது கைதட்டாத குறை. பிறகு எப்போதோ மறுபடி படித்தபோது நெருடியது. ஒருத்தியோடு மட்டும் வாழ்வது வேறு, பிடிப்பது நின்றுபோவது வேறு. கோர்டீலியா அறிவாளி, அவளும் என் நண்பர்கள் மாதிரிதான் பேசுகிறாளா?

இருபத்தைந்து வருடம் கழித்து, 2016இல், புஜோல்டே இதற்கு வந்து சேர்ந்தார். அந்த நாவலை 'ஜென்டில்மேன் ஜோல்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அரல் இறந்து சில வருடம் ஆகிவிட்டது. கோர்டீலியாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அவர்கள் ஆயுளுக்கு அது நடுவயது. அரலின் கீழே வேலைபார்த்த ஜோல், இப்போது கடற்படைத் தளபதி மாதிரி ஒரு பதவி, விண்வெளியில். அரலும் ஜோலும் பல வருடம் காதலர்களாக இருந்தார்கள் என்பதும், கோர்டீலியாவுக்குத் தெரிந்தே இருந்தார்கள், மூவரும் ஒரு குடும்பம் போலத்தான் இருந்தார்கள் என்பதும் இதில்தான் தெரிகிறது. விருந்தில் சொன்ன அந்தக் கெட்டிக்காரப் பதில் அப்படியே நிற்கிறது, ஆனால் அதற்குப் பிறகு இவ்வளவு நடந்திருக்கிறது.

கோர்டீலியா சேமித்துவைத்த கருமுட்டையையும் விந்தையும் கொண்டு பெண் பிள்ளைகள் பெற்றுக்கொள்ள முடிவுசெய்கிறாள், அப்போது ஜோலுக்கும் ஒன்று தருகிறாள்: உட்கரு நீக்கிய கருமுட்டைகள். அதில் அரலுடையதையும் ஜோலுடையதையும் சேர்த்தால் இரண்டு ஆண்களுக்கும் பிறந்த பிள்ளை, செயற்கைக் கருப்பையில் வளரும். அந்தப் பக்கம் தலைநகரில் பெரிய பதவி கூப்பிடுகிறது. ஐம்பதை நெருங்குகிற ஒரு ஆண், இறந்துபோன காதலருடைய பிள்ளையா, பதவியா என்று உட்கார்ந்து யோசிக்கிறார். கருந்துளை, இங்கே மாற்றிப் பாருங்கள், நாவல் ஒரு பக்கம்கூட நகராது.

ஜனவரி 20
"சண்டையே இல்லையாமே, செம போர்" என்று நிலாச்சோறு. உண்மைதான். ஒரு பிறந்தநாள் விழா, ஒரு படகுப்பயணம், அலுவலகத் தலைவலிகள், அவ்வளவுதான். விண்வெளிச் சண்டைக்காக அந்தத் தொடரைப் படித்தவர்கள் நிறையப் பேர் திட்டினார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கே, இருபால் ஈர்ப்புள்ள பாத்திரங்களை எங்கே பார்த்தாலும் போர்க்களத்திலோ மரணப்படுக்கையிலோ பார்த்துப் பழகிவிட்டோம், குழந்தைக்குத் தூளி எங்கே கட்டலாம் என்று யோசிக்கிற நிலையில் ஒருவரைப் பார்ப்பது அபூர்வம்.

ஜனவரி 26
தனிமடலில் ஒருவர் கேட்டார், பெயர் சொல்லமாட்டேன்: "உங்கள் கதை மாதிரியே யாராவது எழுதியிருக்கிறார்களா, அதாவது கல்யாணமும் நிஜம், மற்றதும் நிஜம் என்று?" 2016இல் வந்த 'சான் ஜூனிபெரோ', 'பிளாக் மிரர்' தொடரில் ஒரு பகுதி. அடுத்த வருடம் எம்மி விருது வாங்கியது. வயதானவர்கள் மூளையைக் கணினியோடு இணைத்துக்கொண்டு இளமையாகத் திரிகிற ஒரு கடற்கரை ஊர், செத்த பிறகு நிரந்தரமாகவும் அங்கேயே தங்கிவிடலாம். யார்க்கியும் கெல்லியும் அங்கே சந்திக்கிறார்கள். எல்லோரும் அந்த நடனக் காட்சியைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு முக்கியம் கெல்லி கோபப்படுகிற இடம். அவளுடைய கணவரைப் பற்றி யார்க்கி கொஞ்சம் லேசாகப் பேசிவிடுவாள், கெல்லி வெடித்துவிடுவாள். நாற்பத்தொன்பது வருடம் வாழ்ந்திருக்கிறேன், உனக்கு என்ன தெரியும் என்கிற மாதிரி. மகள் இந்தத் தொழில்நுட்பம் வருமுன்பே இறந்துவிட்டாள். மகளுக்குக் கிடைக்காதது எனக்கு வேண்டாம் என்று கணவர் உள்ளே வராமலே செத்துப்போனார். யார்க்கியோடு போனால் கணவருக்குத் துரோகம், போகாவிட்டால் யார்க்கிக்கு. இரண்டு பக்கமும் கனம் ஒன்றுதான்.

யார்க்கி இருபத்தொரு வயதில் வீட்டில் சொன்ன அன்றைக்குக் கார் விபத்தில் படுக்கையானவள், அவள் சாவுக்குக் கையெழுத்துப் போடக்கூட ஒரு சட்டபூர்வமான மனைவி தேவைப்படுகிறது. இதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் மனைவியும் நாமினி, உயில் என்றெல்லாம் எழுதிவைத்தோம். அறிவியல் புனைகதையின் பயன்.

பிப்ரவரி 2
குளோன் பற்றி ஒரு மறுயோசனை. தேன்மிட்டாய் எழுதியிருந்தார்: "இறந்த காதலனின் நகலைப் பிள்ளையாக வளர்ப்பது உங்களுக்குக் காதலாகத் தெரிகிறது, எனக்குக் குமட்டுகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து அதே முகத்தோடு எதிரே நிற்கும்போது டங்கன் என்ன செய்வான்?" கிளார்க் அங்கே போகவில்லை, குழந்தையோடு கதையை முடித்துவிட்டார். நானும் பதில் சொல்லமுடியாமல்தான் இருக்கிறேன். இன்னொன்றும் கேட்டார்: குளோனைச் சுமந்த பெண் யார்? வாடகைத் தாய். கதையில் அவளுக்குப் பெரிய இடம் இல்லை. ஆண்கள் வாரிசுப் பிரச்சினையைத் தீர்க்கும்போதெல்லாம் ஒரு பெண்ணின் வயிறு பின்னணியில் இருக்கிறது. புஜோல்ட் செயற்கைக் கருப்பையை வைத்து இதிலிருந்து தப்பித்தார், 1986இலேயே ஆண்கள் மட்டும் வாழும் ஒரு கிரகத்தை எழுதியவர் அவர். அங்கேயும் கருமுட்டைக்கு வெளியே போய்த்தான் ஆகவேண்டும், அதற்காக அனுப்பப்படுகிற டாக்டரின் அவஸ்தைதான் கதை, நல்ல சிரிப்பு.

பெண்கள் பக்கம் இதற்கெல்லாம் முன்பே சொல்லிவிட்டார்கள். ஜோஆனா ரஸ், 1972, நெபுலா விருது வாங்கிய சிறுகதை. ஒரு கிரகத்தில் கொள்ளைநோயில் ஆண்கள் எல்லோரும் செத்து முப்பது தலைமுறை ஆகிவிட்டது. பெண்கள் கருமுட்டைகளை இணைத்துப் பிள்ளை பெற்று, கல்யாணம் கட்டி, சண்டைபோட்டு, விவசாயம் பார்த்து வாழ்கிறார்கள். பூமியிலிருந்து ஆண்கள் வந்து இறங்குகிறார்கள், உங்கள் மக்கள் எல்லாம் எங்கே என்று கேட்கிறார்கள், எதிரே நிற்கிற பெண்களிடமே. வந்த காரணம்? பூமியில் மரபணு கெட்டுவிட்டது, உங்களுடையது வேண்டும். சில பக்கம்தான். படித்துவிட்டுக் கிளார்க்கைத் திரும்பப் படித்தால் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 2, இரவு
லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969) பட்டியலில் ஏன் இல்லை என்கிறார்கள். அந்தக் கிரகத்தில் யாருக்கும் நிலையான பால் கிடையாது, மாதத்தில் சில நாள் மட்டும்தான் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார்கள். யார் வேண்டுமானாலும் கர்ப்பமாகலாம், அரசரே கர்ப்பமாவார். ஆனால் அந்தச் சில நாள் பருவத்தில் இருவரில் ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும்தான் மாறுகிறார்கள். தேவையில்லாமல் அவர்களை அப்படி அடைத்துவைத்துவிட்டேன் என்று லெ குவினே பின்னால் எழுதினார், 1995இல் அதே கிரகத்தில் வைத்து எழுதிய ஒரு சிறுகதையில் கதவைத் திறந்தும்விட்டார். கடைசியில் அந்தக் கிரகத்தவரான எஸ்ட்ராவன் சுட்டுக்கொல்லப்படுகிறார், அவருடைய பிள்ளையைத் தேடிப்போய்ப் பார்க்கிறான் வெளியிலிருந்து தூதனாக வந்த கென்லி. மறுபடி குண்டு, மறுபடி வாரிசு. இந்த இழை எங்கே போனாலும் அங்கேயே வந்து முட்டுகிறது.

பிப்ரவரி 9
கருந்துளை: "சரி, இதெல்லாம் கற்பனை, நிஜத்தில் தத்து எடுக்கலாமே, எதற்கு இவ்வளவு சுற்றிவளைப்பு?"

எடுக்க முடியாது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் ஒருபால் திருமணத்துக்கு இந்திய உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை, ஜோடியாகத் தத்தெடுப்பதும் மூன்றுக்கு இரண்டு என்று போய்விட்டது. ஒருவர் தனி ஆளாக விண்ணப்பிக்கலாம், அதிலும் தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. பிள்ளை காகிதத்தில் ஒருவருக்குத்தான் பிள்ளை, இன்னொருவர் வீட்டில் இருக்கிற மாமா. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் மட்டும்தான் குடும்பம் அமைக்க வழி என்றில்லை என்று ஒரு வழக்கில் சொன்னது, அது ஒரு ஆறுதல். ஆனால் பள்ளி விண்ணப்பத்தில் இரண்டு பெற்றோர் இடத்தை நிரப்ப அது போதாது. ஜோலுக்குக் கிடைத்த கருமுட்டையை விட அந்த விண்ணப்பம்தான் எனக்கு எட்டாத தொழில்நுட்பமாகத் தெரிகிறது.

பிப்ரவரி 16
புதிதாக ஒன்று படித்து முடித்தேன், வாரிசுக் கொள்கையைத் தலைகீழாகப் புரட்டிப்போடுகிறது. கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்', 2023. நெபுலா விருது வாங்கிய நாவல். ஃபெட்டர் என்கிற நாயகனின் நிழலைப் பிறந்தவுடனே அம்மா பிய்த்து எடுத்துவிடுகிறாள். ஊரே கும்பிடும் மகானான அப்பாவைக் கொல்வதற்காகவே அவனை வளர்க்கிறாள். அவனோ நகரத்துக்கு ஓடிவந்து, ஹெஜ் என்கிற காதலனோடு பழகிக்கொண்டு, இறைவாக்கில் தேர்வாகி வீணாய்ப்போனவர்களின் ஆதரவுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறான். நான் இதுவரை அடுக்கிய எல்லாக் கதையிலும் இந்த மனிதர்களுக்கு வாரிசு கிடைக்குமா என்பது கேள்வி. இங்கே இவனே வாரிசு, அப்பா சொத்தும் வேண்டாம், அம்மா கொடுத்த பகையும் வேண்டாம், எப்படித் தப்பிப்பது என்பதுதான் கேள்வி. அவன் ஆணைக் காதலிப்பதற்கு நாவல் எங்கேயும் விளக்கம் கொடுக்கவில்லை. கொள்ளைநோய், அகதி முகாம், அடையாள அட்டை, மதக் கலவரம் என்று தலைக்கு மேல் வேலை இருக்கிறது அதற்கு. நம் பக்கத்து வாசகர்களுக்கு அந்த ஊரை அடையாளம் காட்டவேண்டியதே இல்லை.

நடையில் சில இடம் இழுக்கிறது, நடுப்பகுதியில் ஃபெட்டர் சிக்கிக்கொண்ட பிறகு நானும் சிக்கிக்கொண்டேன். ஆனால் கதையைச் சொல்வது யார் என்று தெரியவருகிற இடம் இருக்கிறதே, அதைப் பற்றி நிறையப் பேசவேண்டும், ஹெஜ் விஷயத்தில் அது ஏன் முக்கியம் என்பது உட்பட. நிலாச்சோறு இன்னும் பாதியில்தான் இருக்கிறாராம். முடித்துவிட்டு வந்து சொல்லுங்கள், அதுவரை வாயைத் திறக்கமாட்டேன்.